வாடகை விஷயமாக எம்.எல்.ஏ.விடம் என்ன கேட்பது? ஊட்டி தம்பி ஒருவருக்குப் பதில்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காந்தலில் ஒரு ரூமும் சமையலறையும் உள்ள வீட்டில் ஒன்பது வருடமாக இருக்கிறீர்கள். வந்தபோது வாடகை 3,500, இப்போது 6,500. மார்ச் கடைசிக்குள் பத்தாயிரமாக ஏற்றிக் கொடு, இல்லாவிட்டால் காலி செய், சீசனுக்குக் காட்டேஜாக விடப் போகிறேன் என்கிறார் வீட்டுக்காரர். கையில் எழுத்தாக ஒன்றும் இல்லை. தெருவில் இன்னும் நான்கு குடும்பத்துக்கு இதே நிலைமை, எல்லோரும் சேர்ந்து எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கலாம் என்று பேசியிருக்கிறீர்கள், கொடுத்தால் பிரயோஜனம் உண்டா, என்னவென்று எழுதுவது என்று கேட்கிறீர்கள்.

பிரயோஜனம் உண்டு. ஆனால் "எங்கள் வாடகையைக் குறைத்துத் தாருங்கள்" என்று எழுதினால் கிடையாது. எம்.எல்.ஏ. யாராக இருந்தாலும் ஒரு வீட்டின் வாடகையைக் குறைக்க அவருக்கு அதிகாரம் இல்லை. தெரிந்தவர் மூலம் ஒரு போன் போட்டுச் சொல்லலாம், வீட்டுக்காரரும் சரி சரி என்பார், இரண்டு மாதம் கழித்து மறுபடி ஆரம்பிப்பார். வாடகை இப்படி எகிறுவதற்கு ஒரு சட்டம் வழி விட்டிருக்கிறது. அதை எழுதியது சட்டமன்றம், திருத்த வேண்டியதும் சட்டமன்றம்தான். அதனால் எந்த இடத்தைத் திருத்த வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டிக் கேளுங்கள்.

நான் தாலுகா ஆபீஸ் பக்கம் உட்கார்ந்து மனுவும் வாடகை ஒப்பந்தமும் எழுதிக் கொடுக்கிறவன், இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நானும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய சட்டம் 1960ல் வந்தது, கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதில் நியாய வாடகை என்று ஒன்று இருந்தது. வாடகை நியாயமில்லை என்று தோன்றினால் கோர்ட்டில் மனுப் போடலாம், கட்டடத்தின் மதிப்பையும் இடத்தின் மதிப்பையும் கூட்டி, குடியிருப்பு வீடு என்றால் அதில் ஆண்டுக்கு 9 சதவீதம், கடை என்றால் 12 சதவீதம் என்று கணக்குப் போட்டு இதுதான் வாடகை என்று தீர்ப்பு வரும். அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு, நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் என்று நீளமான பெயரில் 2017ல் ஒன்று இயற்றினார்கள். 2019 பிப்ரவரி 22ல் அது நடைமுறைக்கு வந்தது. வாடகை எவ்வளவு என்றால் இரண்டு பேரும் ஒப்புக்கொண்டது எவ்வளவோ அவ்வளவு. உயர்வு எவ்வளவு என்றால் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது எவ்வளவோ அவ்வளவு. புதுச் சட்டம் சொல்வது இதுதான். தகராறு வந்தால் வாடகை அதிகாரியிடம், அதாவது ரெண்ட் அத்தாரிட்டியிடம், போகலாம், அவர் நிர்ணயிக்கலாம் என்று பிரிவு 10ல் இருக்கிறது. எதை வைத்து நிர்ணயிப்பது? பழைய 9 சதவீதம் மாதிரி ஒரு அளவுகோல் அதில் இல்லை.

இதைக் கேட்டதும் நிறையப் பேர் "அப்படியென்றால் பழைய சட்டத்தையே திருப்பிக் கொண்டு வாருங்கள்" என்று மனுவில் எழுதச் சொல்கிறார்கள். எழுதாதீர்கள். அந்தக் கணக்கில் இடத்தின் மார்க்கெட் மதிப்பும் சேரும். ஊட்டியில் இன்றைக்கு இடம் விற்கிற விலைக்கு, ஒரு சின்ன வீட்டுக்கு இடமும் கட்டடமும் சேர்த்து 30 லட்சம் என்று வைத்தாலே 9 சதவீதம் ஆண்டுக்கு 2,70,000, மாதத்துக்கு 22,500 ரூபாய். நியாய வாடகை கேட்டு மனுப் போட்டவர்களில் வாடகையை ஏற்றுவதற்காகப் போட்ட வீட்டுக்காரர்களும் உண்டு. தவிர, அந்தக் காலத்தில் வாடகை வருடக் கணக்காக ஏறாமல் நின்றுபோன வீடுகளும் இருந்தன. ஓடு மாற்றக்கூடப் பணம் வரவில்லை என்று வீட்டுக்காரர்கள் அப்படியே போட்டுவிட்டார்கள், ஒழுகுகிற வீட்டில் குடித்தனக்காரர்தான் சட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதனால் கேட்க வேண்டியது வேறு. இருக்கிற வாடகையை ஒரு வருடத்தில் இவ்வளவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற வரம்பு. அவ்வளவுதான்.

இது நடக்காத காரியம் இல்லை. மகாராஷ்டிராவின் 1999 வாடகைச் சட்டத்தில் அதன் கீழ் வரும் கட்டடங்களுக்கு ஆண்டுக்கு 4 சதவீதம்தான் ஏற்றலாம் என்று இருக்கிறது. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலச் சட்டமன்றம் 2019ல் விலைவாசி உயர்வோடு 7 சதவீதம் என்று வரம்பு போட்டது. விலைவாசி திடீரென்று எகிறியபோது அந்த வரம்பும் கூடவே எகிறிப்போக, 2023ல் மறுபடி உட்கார்ந்து எப்படிப் பார்த்தாலும் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று திருத்தினார்கள். கலிபோர்னியா 2019லேயே விலைவாசியோடு 5 சதவீதம், மொத்தம் 10க்குள் என்று போட்டது. இரண்டு மாநிலத்திலும் கட்டி 15 வருடம் ஆகாத வீட்டுக்கு இது பொருந்தாது, புதுசாகக் கட்டுகிறவர் பயந்து கட்டாமல் போய்விடக் கூடாது என்பதற்காக. அங்கேயும் குடித்தனக்காரர்கள் குடும்பம் குடும்பமாகச் சட்டமன்றத்துக்குப் போய்ச் சாட்சி சொல்லித்தான் இதெல்லாம் வந்தது.

நம் மலைக்கு எந்த விலைவாசியை வைப்பது என்று கேட்பார்கள். அதற்கும் பதில் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஒன்றிய அரசின் தொழிலாளர் பணியகம் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டு எண் என்று மாதாமாதம் வெளியிடுகிறது, அதற்கு விலை எடுக்கிற ஊர்களில் குன்னூரும் ஒன்று. சென்னைக் கணக்கைக் கொண்டு வந்து இங்கே ஒட்ட வேண்டியதே இல்லை. குன்னூர் குறியீட்டு எண் எவ்வளவு ஏறியதோ அவ்வளவு, அல்லது 5 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் வருடத்துக்கு வாடகை ஏறக் கூடாது என்று கேளுங்கள். உங்கள் வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள்: 6,500க்கு 5 சதவீதம் 325 ரூபாய், புது வாடகை 6,825. அவர் கேட்பது பத்தாயிரம், அதாவது ஒரே மூச்சில் 54 சதவீதம். நீங்கள் வந்த நாளிலிருந்து ஒன்பது வருடமும் விடாமல் 5 சதவீதம் ஏற்றியிருந்தாலே 3,500 ரூபாய் சுமார் 5,430 ஆகியிருக்கும். இப்போது கொடுப்பதே அதைவிட ஆயிரத்துக்கு மேல் அதிகம். இந்தக் கணக்கை மனுவோடு ஒரு தாளில் எழுதி இணையுங்கள். அழுது எழுதிய நான்கு பக்கத்தைவிட இந்த மூன்று வரி வேலை செய்யும்.

அடுத்தது அட்வான்ஸ். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்குவது தவறு என்று பிரிவு 11 சொல்கிறது. நல்ல விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் அதே வாக்கியத்தின் தொடக்கத்தில், வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய என்று ஒரு சொல்லையும் சேர்த்திருக்கிறார்கள். வீடு தேவைப்படுகிறவன் பத்து மாத அட்வான்ஸ் என்றாலும் கையெழுத்துப் போடுவான், போட்டதும் அது வேறுவிதமான ஒப்பந்தம் ஆகிவிடும். ஒன்றிய அரசு 2021ல் மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கு இரண்டு மாதம்தான் என்று வைத்திருக்கிறது. நம் சட்டத்தில் அந்தத் தொடக்கச் சொற்களை எடுத்தாலே போதும். மூன்று மாதமே இருக்கட்டும், ஆனால் அது உண்மையாக மூன்று மாதமாக இருக்கட்டும். நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் அட்வான்ஸ் புரட்டுவதற்காகத் தாலியை அடகு வைத்துவிட்டு என்னிடம் ஒப்பந்தம் எழுத வந்தவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. சுண்ணாம்பு அடித்தேன், குழாய் மாற்றினேன் என்று கழித்தது போக மீதியை வாங்குவதற்கு நடையாய் நடக்கிறவர்கள்தான் அதிகம்.

மூன்றாவது, நம் ஊருக்கே உரிய பிரச்சினை. கோயம்புத்தூரில் வீடு பற்றாமல் போனால் ஊர் அன்னூர் பக்கமும் சூலூர் பக்கமும் விரியும், நான்கு மாடி எழும்பும். இங்கே அப்படி முடியாது. மலையிட விதிகளில் 7 மீட்டருக்கு மேல் உயரம் கூடாது, செங்குத்தான சரிவில் கட்ட அனுமதி கிடையாது, ஒரு பக்கம் வனம், ஒரு பக்கம் தேயிலை. அந்த விதிகள் சரி, மண் சரிந்து ஆள் செத்ததைப் பார்த்த யாரும் அதைத் தளர்த்தச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதற்கு ஒரு விளைவு உண்டு. இருக்கிற வீடுதான் வீடு. அதில் ஒன்று காட்டேஜாக மாறினால் குடித்தனத்துக்கு ஒரு வீடு குறைந்தது, அதற்குப் பதில் இன்னொன்று முளைக்காது. இதற்கிடையில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது, புது மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறந்தாயிற்று. ஊருக்கு மிகத் தேவையான விஷயம், நெஞ்சு வலி என்றால் கோயம்புத்தூருக்கு ஓடிய காலம் போகட்டும். ஆனால் அங்கே வேலை செய்ய வருகிற நர்ஸுக்கும் லேப் டெக்னீஷியனுக்கும் படிக்க வருகிற பிள்ளைகளுக்கும் வீடு வேண்டுமே, அதே தெருக்களில்தானே தேடுவார்கள்?

வீட்டுக்காரர் ஏன் மாறுகிறார் என்பதையும் சொல்ல வேண்டும், அவரைத் திட்டி ஒன்றும் ஆகாது. ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கு 61 ராத்திரி. அதில் பாதி நிரம்பினாலே, ராத்திரிக்கு 2,500 என்று போட்டால் 75,000 ரூபாய் வருகிறது. உங்கள் ஒரு வருட வாடகையே 78,000. இரண்டாவது சீசன், தீபாவளி, பொங்கல், சனி ஞாயிறு எல்லாம் தனி. இதனால்தான் ஜூனில் குடித்தனம் வைத்து மார்ச்சில் காலி செய்கிற பத்து மாத வாடகை என்று ஒரு வழக்கமே வந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், அவர் மார்க்கெட்டில் கேரட் மூட்டை தூக்குகிறார், மனைவி பேக்கரியில். ஒரு மார்ச் 30ம் தேதி சாயங்காலம் தூறலில் அவர்கள் காலி செய்தபோது நானும் கூட இருந்தேன். டிவியைக் கம்பளியில் சுற்றிச் சாமான் ஆட்டோவில் வைத்தார்கள், மேலே தார்ப்பாய். சமையலறைச் சுவரில் ஈரப் பூஞ்சைக்காக அந்த அம்மா ஒட்டியிருந்த காலண்டர் அட்டைகளை ஒவ்வொன்றாகக் கிழித்தெடுத்து மடித்துக் கொண்டார், அடுத்த வீட்டிலும் அதே பூஞ்சை இருக்கும் என்று தெரிந்து. பெண் குழந்தைக்கு மறுவாரம் முழு ஆண்டுத் தேர்வு. அந்த வீட்டில் அத்தனை வருடம் கேட்டும் அடிக்காத பெயின்ட்டை அடுத்த பத்து நாளில் அடித்து, வெந்நீர் ஹீட்டர் மாட்டி, வாசலில் ஃபேமிலி காட்டேஜ் என்று போர்டு தொங்கியது. அவர்கள் இப்போது மேட்டுப்பாளையத்தில் இருக்கிறார்கள், தினமும் விடிவதற்கு முன் பஸ் ஏறி மேலே வருகிறார்கள்.

2024 மே 7லிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வண்டிகள் இ-பாஸ், அதாவது இணையத்தில் முன்கூட்டியே அனுமதி, வாங்க வேண்டும் என்று வந்தது, உயர் நீதிமன்ற உத்தரவு. 2025 ஏப்ரலிலிருந்து சீசனில் ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று வரம்பும் போட்டார்கள். மலை இவ்வளவுதான் தாங்கும் என்று கோர்ட்டே ஒப்புக்கொண்ட பிறகு, எத்தனை குடியிருப்பு வீடு காட்டேஜாக மாறலாம் என்று மட்டும் ஏன் ஒரு வரம்பும் இல்லை? இதைச் சட்டமன்றத்தில் கேட்க வைக்க வேண்டும். வீட்டு வரி, வீட்டு மின் இணைப்பு வைத்துக்கொண்டு லாட்ஜ் நடத்துவதை நிறுத்த வேண்டும். ஹோம்ஸ்டே என்றால் உரிமையாளர் குடும்பம் அங்கேயே குடியிருந்து ஒன்றிரண்டு அறையை விருந்தினருக்கு விடுவது, அதில் யாருக்கும் நஷ்டமில்லை. முழு வீட்டையும் ராத்திரி வாடகைக்கு விடுவது ஹோம்ஸ்டே இல்லை, வியாபாரம். அதற்குத் தனி உரிமம், வார்டுக்கு இத்தனைதான் என்ற எண்ணிக்கை, கடந்த ஒரு வருடத்தில் குடித்தனக்காரரைக் காலி செய்த வீட்டுக்கு உரிமம் கிடையாது. இந்த மூன்றையும் கேளுங்கள். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். காலி செய்தாலும் காட்டேஜ் நடத்த முடியாது என்று தெரிந்தால் காலி செய்யச் சொல்கிற காரணமே போய்விடும்.

கூடவே வீட்டுக்காரருக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும், இதை நான் மனதாரச் சொல்கிறேன். இங்கே வீட்டுக்காரர் என்றால் பெரும் பணக்காரர் என்று அர்த்தமில்லை. ரிட்டயர்டு வாத்தியார், அரை ஏக்கர் தேயிலை வைத்துக்கொண்டு பச்சைத் தேயிலை விலை விழுந்ததில் தவிக்கிற சிறு விவசாயி, கணவர் போன பிறகு கீழ்ப்போர்ஷன் வாடகையை வைத்தே சாப்பிடுகிற அம்மா, இவர்கள்தான் பாதிப் பேர். ஜூன், ஜூலை மழைக்குப் பிறகு ஒரு வீட்டைப் பழையபடி ஆக்க என்ன செலவு என்று எனக்குத் தெரியும். மூன்று வருடத்துக்குக் குறையாமல் ஒரே குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டு, ஒப்பந்தத்தைப் பதிவும் செய்கிற வீட்டுக்குச் சொத்து வரியில் தள்ளுபடி கொடுங்கள், பழுது பார்த்த செலவை ரசீதோடு காட்டினால் வரம்புக்கு மேல் கொஞ்சம் ஏற்ற அனுமதி கொடுங்கள் என்று மனுவில் நீங்களே எழுதுங்கள். குடித்தனக்காரர்களே இதைக் கேட்டால் எம்.எல்.ஏ.வுக்கும் பேசுவது சுலபம், வீட்டுக்காரர்களும் அவருக்கு வாக்காளர்கள்தானே.

இனி ஒப்பந்தக் காலம். பதினோரு மாதம் என்று எழுதுகிற பழக்கம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1908ம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும், அதைத் தவிர்க்க ஒரு மாதம் குறைத்துக் கொண்டார்கள். புதுச் சட்டத்தில் எத்தனை மாத ஒப்பந்தமாக இருந்தாலும் எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், அரசின் வாடகை இணையதளத்திலேயே செய்யலாம். ஆனாலும் பழக்கம் போகவில்லை. ஒப்பந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டத்தில் சொன்ன காரணம் இல்லாமல் காலி செய்ய முடியாது, நல்ல பாதுகாப்புதான், ஆனால் பதினோரு மாதத்தோடு அது தீர்ந்துவிடுகிறது. அதற்கப்புறம் வீட்டுக்காரர் சொன்னதே விலை. குடியிருப்புக்குக் குறைந்தது மூன்று வருடம் என்று சட்டத்திலேயே வைத்துவிட்டு, குடித்தனக்காரர் மட்டும் முன்கூட்டி நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று இருந்தால் பிள்ளைகள் ஒரு பள்ளிக்கூடத்தில் நிம்மதியாகப் படிப்பார்கள்.

தோட்டத்து ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எஸ்டேட் லைன் வீடு, அதாவது தோட்ட நிர்வாகம் தொழிலாளர்களுக்குத் தருகிற வரிசை வீடு, வேலையோடு சேர்ந்தது, வாடகைச் சட்டத்துக்குள் வராது. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து இங்கே தேயிலைக் காட்டில் சேர்ந்த குடும்பங்கள் எத்தனை! அந்தத் தலைமுறையும் அவர்கள் பிள்ளைகளும் ரிட்டயர் ஆகிற அன்றைக்கு லைன் வீட்டை விட வேண்டும், வாழ்க்கையில் முதல்முறையாக வாடகை வீடு தேடுகிற வயது அறுபது. கூடலூர் பக்கம் ஜென்மி நிலம், அதாவது பழைய ஜமீன் மாதிரியான உடைமையில் இருந்த நிலம், யாருக்கு என்ற பிரச்சினை இன்னும் முடியாததால் பட்டா இல்லாத வீடுகள் ஏராளம், அங்கே வாடகைக்கு இருக்கிறவர் எந்தப் பத்திரத்தைக் காட்டி ஒப்பந்தம் பதிவது? இது ஊட்டி மனுவில் ஒரு பத்தியில் அடங்காது. கூடலூர்க்காரர்கள் அவர்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்குத் தனியாக எழுத வேண்டும்.

சரி, மனுவை எப்படி எழுதுவது? தமிழில், ஒரு பக்கத்துக்குள். நீங்கள் ஐந்து குடும்பமும் கையெழுத்துப் போடுங்கள், முடிந்தால் ஐம்பது. இந்த மாதிரி:

"ஐயா, நாங்கள் உதகமண்டலம் தொகுதியில் வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பங்கள். 2017ம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் ஆண்டு வாடகை உயர்வுக்கு வரம்பு இல்லாததால் எங்கள் வாடகை ஒரே தடவையில் பாதிக்கு மேல் உயர்த்தப்படுகிறது. வீடுகள் சீசன் காட்டேஜ்களாக மாற்றப்படுகின்றன. குன்னூர் விலைக் குறியீட்டு எண்ணை அடிப்படையாக வைத்து ஆண்டு உயர்வுக்கு 5 சதவீத உச்சவரம்பு விதிக்கவும், பிரிவு 11ல் முன்பணத்துக்கான விலக்கை நீக்கவும், குடியிருப்பு ஒப்பந்தத்துக்குக் குறைந்தபட்சம் மூன்று ஆண்டு என விதிக்கவும் சட்டத் திருத்தம் கொண்டுவர அரசை வலியுறுத்தும்படி கேட்டுக்கொள்கிறோம். மலைப்பகுதியில் குடியிருப்பு வீடுகளைத் தங்கும் விடுதியாக மாற்றுவதற்கு வார்டு வாரியாக வரம்பு விதிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறோம்."

இதை எம்.எல்.ஏ. ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அவர் இதை என்ன செய்யலாம் என்பதையும் கேட்டு வாங்குங்கள். சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பலாம், கவன ஈர்ப்புத் தீர்மானம் கொண்டு வரலாம், தனிநபர் மசோதாவே கொடுக்கலாம். வாடகைச் சட்டம் வீட்டு வசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறைக்குக் கீழ் வருகிறது, காட்டேஜ் சமாச்சாரம் சுற்றுலாத் துறையையும் தொடும். இந்த இரண்டு துறையின் மானியக் கோரிக்கை, அதாவது அந்தத் துறைக்கான பண ஒதுக்கீடு, விவாதத்துக்கு வரும் நாளில் பேசினால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் பட்ஜெட் கூட்டத்தொடருக்கு முன்னால் மனு அவர் கையில் இருக்க வேண்டும். சட்டமன்ற மனுக்கள் குழு என்று ஒன்று தனியாக இருக்கிறது, மாவட்டங்களுக்கே வந்து விசாரிக்கும். ஆனால் அவர்கள் பார்ப்பது பொதுப் பிரச்சினையை, தனி ஒருவரின் குறையை இல்லை. "என் வீட்டுக்காரர்" என்று ஆரம்பித்தால் ஓரம் கட்டிவிடுவார்கள், மேலே எழுதியது போல இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். கொடைக்கானலில் இருந்து படிக்கிறவர்களுக்கு: உங்கள் ஊர் பழனித் தொகுதிக்குள் வருகிறது, எம்.எல்.ஏ. ஆபீஸ் மலைக்குக் கீழே இருந்தாலும் இறங்கிப் போய்க் கொடுங்கள். தபாலில் போடுவதற்கும் முப்பது பேர் பஸ்ஸில் போய் நிற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

சட்டம் திருந்தும் வரை உங்கள் வீட்டுக்கு என்ன செய்வது என்றால், எழுத்து இல்லாமல் இருப்பதுதான் உங்களுக்கு இப்போது பெரிய ஆபத்து. சட்டம் வருவதற்கு முன் வாய்மொழியாகத் தொடங்கிய வாடகைக்கும் ஒப்பந்தம் போட்டாக வேண்டும் என்று பிரிவு 4 சொல்கிறது. போடவில்லை என்பதையே காரணமாகக் காட்டி வீட்டைக் கேட்க 21ம் பிரிவில் வழி இருக்கிறது. அதனால் இந்த வாரமே வீட்டுக்காரருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் போடுங்கள், மரியாதையாக: அண்ணா, ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய நான் தயார், நியாயமான உயர்வும் தருகிறேன், ஒரு நாள் சொல்லுங்கள் என்று. மறுத்தது நீங்கள் இல்லை என்பதற்குக் கடிதத்தின் நகலும் அது டெலிவரி ஆனதற்கான சான்றும் சாட்சி. வாடகையை ஒரு மாதம்கூட நிறுத்தாதீர்கள், கையில் கொடுக்காமல் வங்கி வழியாகவோ ஜிபேயிலோ அனுப்புங்கள். வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் கட்டுவதற்கு வழி இருக்கிறது. பழைய வாடகை நோட்டைப் பத்திரமாக வையுங்கள். கோபத்தில் தண்ணீர்ப் பைப்பை அடைப்பது, கரன்ட்டைப் பிடுங்குவது எல்லாம் நம் ஊரில் நடக்கிறது. பிரிவு 20 அதைத் தடுக்கிறது, திருப்பிக் கொடுக்கச் சொல்லி வாடகை அதிகாரி இடைக்கால உத்தரவே போடலாம். துணை ஆட்சியர் பதவிக்குக் குறையாத அதிகாரி அவர், பெரும்பாலும் ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர். ஊட்டி, குன்னூர், கூடலூர் மூன்றிலும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் இருக்கிறது.

திங்கட்கிழமை பிங்கர்போஸ்ட் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் இதே மனுவின் ஒரு பிரதியைப் பதிவு செய்து எண் வாங்கிவிடுங்கள், எம்.எல்.ஏ.விடம் போகும்போது அந்த எண்ணை மனுவின் மேலே எழுதலாம். கூட்டம் சேர்வதற்கு முன் போய்விடுங்கள். ஐந்து குடும்பத்தின் ஆதார் நகல், வாடகை அனுப்பிய ஜிபே விவரத்தின் பிரின்ட், அந்த 6,825 ரூபாய்க் கணக்கு எழுதிய தாள், எல்லாவற்றையும் மூன்று செட்டாக எடுத்து வையுங்கள். மனுவைச் சுத்தமாக எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் தாலுகா ஆபீஸ் வாசலில் கேளுங்கள், என் இடத்தைக் காட்டுவார்கள். இதற்குக் காசு வேண்டாம்.